நான்கு மூலை நாடா

மருமகள் போன வாரம் ஈப்போவில் ஒரு பண்டல் கடைக்குப் போனாள். கப்பலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய உடுப்புகளை விற்கிற கடை. எந்த நாட்டுக்காரியோ எந்தக் காலத்திலோ உடுத்திக் கழித்த கௌன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை வெட்டிப் பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை தைக்கப் போகிறாளாம். "பழசப் புதுசாக்குறதுதான் இப்ப ஃபேஷன் அத்தே" என்றாள். எங்கள் காலத்தில் அதற்கு வக்கில்லாத்தனம் என்று பெயர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கௌனின் கீழ்ப்பகுதியைத் தொட்டுவிட்டேன். மூன்று அடுக்காக வெள்ளை வலைத்துணி வைத்துத் தைத்திருந்தது. கையை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அவளிடம் காரணம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கை உடுத்தி வளர்ந்த கூட்டம் நாம். நம்மில் இன்னும் கண் தெரிந்து இதைப் படிக்கிறவர்கள் எத்தனை பேரோ தெரியாது. இருக்கிறவர்கள் படியுங்கள். இத்தனை வருஷத்தில் நான் ஒருவரிடமும் சொல்லாத விஷயம் இது.

நாங்கள் இருந்தது கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒன்றரை மணி நேரம் நடந்தால் வரும் தேயிலைத் தோட்டம். அப்பாவுக்கு ஆலையில் இலை உருட்டுகிற மிஷினில் வேலை. அவர் சட்டையை மோந்தாலே பச்சை இலை கசங்கின வாசம் வரும். அம்மா துரையின் பங்களாவில் ஆயா. துரைசாணிக்குப் பிள்ளை இல்லை. அதனால் துரைசாணிக்கே அம்மா ஆயாவாக இருந்தாள். உடுப்புக்கு இஸ்திரி போடுவது, பொத்தான் தைப்பது, அடுப்பில் கேக் வேகும்போது பக்கத்தில் நின்று நெருப்பைப் பார்த்துக்கொள்வது, இப்படி நின்று பார்த்தே அம்மா தையலும் கேக்கும் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சண்டை வந்ததும் துரை குடும்பம் ஒரே நாளில் இறங்கிப் போனது. காரில் இடமில்லாத ஒரு தகரப் பெட்டியைக் கூலிகள் இருக்கும் லயத்துக்கே கொண்டு வந்து அம்மாவிடம் வைத்தாள் துரைசாணி. "ஆயா, பத்திரம். நான் திரும்ப வரும்" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தாளாம். அம்மா அந்தச் சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

முதல் வருஷம் பெட்டியைத் திறக்க அப்பா விடவில்லை. "அடுத்தவங்க பொருளு. எறும்புகூட உள்ள போவக்கூடாது" என்பார். அதன் மேலே பாயைச் சுருட்டி வைத்து, பாயின் மேலே சாமிப் படத்தையும் வைத்துவிட்டார். ஆனால் துணி என்று ஒன்று கடைகளில் இல்லாமல் போன காலம் அது, உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் அக்காள் தங்கைக்கு ஒரே சேலை. ஒருத்தி மலையில் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை இன்னொருத்தி கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். ஆண்கள் கோதுமைச் சாக்கில் ஓட்டை போட்டுத் தலையை நுழைத்துக்கொண்டார்கள். அந்த மலைக் குளிரில் சாக்கு ஈரமானால் காய இரண்டு நாளாகும். எனக்குப் பத்து வயது. என் பாவாடையில் துணியைவிட ஒட்டுதான் அதிகம்.

ஒரு நாள் அம்மா சாமிப் படத்தை எடுத்துக் கும்பிட்டுக் கீழே வைத்தாள். பாயைத் தள்ளினாள். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"திருடல. வித்துத் திங்கல. மானத்த மறைக்கிறேன். அவங்க வந்தா காலுல விழுந்துக்கிறேன்" என்றாள்.

அப்பா திரும்பி வெளியே போய்விட்டார். சம்மதம் என்றால் அவர் அப்படித்தான் போவார்.

பெட்டியைத் திறந்ததும் வந்த அந்துருண்டை வாசம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. பூப்போட்ட கௌன்கள், ஒரு கம்பளிக் கோட்டு, பட்டு உள்பாவாடைகள். எல்லாவற்றுக்கும் அடியில், மடித்து மடித்து வைத்த ஒரு வெள்ளை வலைத்துணி. பிரித்தால் வீடு முழுக்க வந்தது. அதன் மேல்பக்கம் நான்கு மூலையிலும் நான்கு நாடா தைத்திருந்தது. அம்மா அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். அதற்கு அந்தப் பக்கம் அவள் முகம் பனியில் தெரிகிற மாதிரி தெரிந்தது.

"சன்னலுக்குப் போடுறதா இருக்கும். பங்களாவுல இத நான் பார்த்ததே இல்லையே" என்றாள்.

பார்த்திருக்க வழியில்லை. எங்கள் மலையில் கொசு கிடையாது. அதற்கு அந்தக் குளிர் ஆகாது. துரையும் துரைசாணியும் கீழே ரப்பர் தோட்டத்தில் இருந்துவிட்டு மேலே மாற்றலாகி வந்தவர்கள். அம்மா பிறந்த ஊரில் கொசு உண்டு. ஆனால் அங்கே கொசுவுக்கு வேப்பிலைப் புகை போடுவார்கள். கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டில் வலை ஏது?

அதற்குப் பிறகு எங்கள் வீடு தையல் கடையானது. லயம் முழுவதற்கும் ஒரே ஊசி. அதை அம்மா ஒரு துணியில் குத்தி, எண்ணெய் தடவி வைத்திருப்பாள். நூலுக்குத் துரைசாணியின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்தாள். ஒரு கௌனில் இரண்டு ரவிக்கை வந்தது. உள்பாவாடை ஒன்று பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குத் தாவணியானது. பிறகு அந்த வீட்டுக் கதவு பகலில் திறந்தே இருந்தது.

அப்பா தன் பங்குக்கு ஒரு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, உள்ளே மணலைக் கொட்டி, மேலே கங்கு போட ஒரு தட்டும் வைத்து அடுப்பு செய்து கொடுத்தார். மரவள்ளி மாவு, பழுத்து அழுகப்போகும் வாழைப்பழம், சீனிக்கிழங்கு, கிடைத்தால் ஒரு முட்டை. மத்தி மீன் டின்களைத் தேய்த்துக் கழுவி அதில் மாவை ஊற்றி அம்மா கேக் சுட்டாள். எத்தனை தேய்த்தாலும் முதல் கடியில் லேசாக மீன் வாசம் வரும். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றோம். அந்தக் கேக்கைப் போல இன்னொன்றை நான் தின்றதில்லை. இன்றைக்கு யாராவது செய்து கொடுத்தால் துப்பிவிடுவேன் என்பதும் உண்மை.

அந்த வெள்ளை வலையை மட்டும் அம்மா தொடவில்லை. தீபாவளிக்கு எனக்கு அதில் மூன்று அடுக்குக் கௌன் தைப்பதாகச் சொல்லியிருந்தாள். பங்களாவில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் துரைசாணி போட்டிருந்தாளே, அந்த மாதிரி. நான் தினமும் பள்ளிக்கூட விளையாட்டு ஆடுகிற பிள்ளைகளிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். இனி அது இல்லாமல் போனால் நான் லயத்தில் தலைகாட்ட முடியாது.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி லயத்துக்கு வந்து பட்டியல் படித்தார். ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். வீட்டுக்கு ஒரு ஆள். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அப்பா பெயர் நான்காவதோ ஐந்தாவதோ வந்தது. எதிர் லயத்து மாமா பெயரும் இருந்தது. மாமா என்றால் சொந்தமில்லை. அம்மா அவரை அண்ணே என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு மாமா.

"சயாம் எங்கங்க இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"வடக்க. மலையாம். பூராக் காடாம்."

"மலையா?" அம்மாவுக்கு உடனே ஒரே கவலைதான். "நம்ம மலையே இந்தக் குளிரு குளிருது. வடக்கன்னா இன்னும் குளிருமே. எதப் போத்திக்குவீங்க?"

எங்களுக்கு மலை என்றால் குளிர். வேறு மாதிரி மலை இருக்கும் என்று அந்த லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துரைசாணியின் கம்பளிக் கோட்டைப் பிரித்து, அப்பாவின் தோளுக்கு அளவெடுத்து, உள்ளே இரண்டு கௌன்களின் துணியை வைத்துத் தைத்தாள் அம்மா. ஐந்து நாள் வேலை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திப் புண். பெரிய பொத்தான்களை முன்னமே அரிசிக்கு மாற்றியிருந்ததால் கழுத்தில் மாட்ட ஒன்றும் இல்லை. வலையின் நான்கு மூலை நாடாக்களில் இரண்டை அறுத்து, கோட்டின் கழுத்தில் கட்டிக்கொள்ள வைத்தாள்.

கோட்டு முடிந்ததும் இன்னொரு முடிவும் எடுத்தாள்.

"தீபாவளிய முன்னாடியே வச்சிருவோம். அவரு போறதுக்கு மொத நாளு. சாமி கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட வரட்டும்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா போகிறார் என்பது ஒரு பக்கம் இருந்தது. கௌன் ஒரு மாதம் முன்னாலேயே கிடைக்கப் போகிறது என்பதுதான் பெரிதாக இருந்தது. பத்து வயது மனசு அவ்வளவுதான். இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை.

வலைத்துணியைத் தைக்க ஸ்வெட்டர் நூல் ஆகாது, தடிப்பு. ரிங்லெட்டில் கடை வைத்திருந்த பாயிடம் சண்டைக்கு முந்திய வெள்ளை நூல் ஒன்றிரண்டு உருண்டை இருப்பதாக அம்மாவுக்குத் தெரியும். டின்னில் சுட்ட கேக் இரண்டைத் துணியில் முடிந்து கொடுத்து, மாற்றிக்கொண்டு வா என்று காலையில் என்னை அனுப்பினாள்.

பாய் நல்ல மனுஷன். ராமநாதபுரம் பக்கத்து ஆள். கடையில் அப்போது வெறும் பலகைகளும் கொஞ்சம் உப்புக் கருவாடும்தான் இருந்தன. கேக்கைப் பிட்டு வாயில் போட்டு, "மீனு கேக்கா?" என்று சிரித்தார். பிறகு முழுவதையும் தின்றார். நூலை எடுத்துக் கொடுத்தார்.

"எதுக்குப் புள்ள வெள்ளை நூலு?"

"அப்பா சயாமுக்குப் போறாரு. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல தீபாவளி. எனக்குக் கௌனு."

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். கல்லாவை விட்டு எழுந்து வந்து என் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"இங்க பாரு தாயி. நான் சின்ன வயசுல சயாம் பக்கம் மாடு வாங்கப் போனவன். அந்தக் காடு நம்ம மலை மாதிரி இல்ல. கொதிக்கும். கொசுன்னா கொசு, அள்ளிப் பூசுன மாதிரி உக்காரும். கடிச்சா காய்ச்சலு. எங்கூட வந்த ரெண்டு பேர அங்கேயே பொதைச்சிட்டு வந்தேன். எனக்கு மட்டும் கெலாம்பு இருந்துச்சு. அம்மாகிட்டச் சொல்லு, எங்கயாவது கெலாம்பு தேடி அப்பாகிட்டக் குடுத்து வுடச் சொல்லு. மறந்துராத."

"கெலாம்புன்னா?"

"கொசு வலை. வெள்ளையா, மெல்லிசா, கண்ணு கண்ணா இருக்கும். பெருசு. மேல நாலு மூலைக்கும் நாடா வச்சிருக்கும், கட்டித் தொங்கவுட. நீங்கள்லாம் எங்க பார்த்திருக்கப் போறீங்க. உங்கம்மா பங்களாவுல வேலை செஞ்சவங்கதானே, கேட்டுப் பாரு. அங்க இருந்தாலும் இருக்கும்."

நான் தலையை ஆட்டினேன்.

எனக்குப் புரியவில்லை என்று இத்தனை வருஷமாகப் பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். புரிந்தது. நான்கு மூலை நாடா என்று அவர் சொன்னவுடனே புரிந்துவிட்டது. அந்த மலைப் பாதையில் ஏறி வரும்போது நூல் உருண்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு கணக்குப் போட்டேன். மூன்று மாதம்தானே. அப்பா பலசாலி. இரண்டு ஆள் தூக்கும் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர், ஒரு கொசு என்ன செய்யும்? பாய் எப்போதுமே ஒன்றைப் பத்தாகச் சொல்வார். அம்மாவிடம் சொல்வேன், சொல்லாமல் இருக்க மாட்டேன், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சொல்வேன். லயம் கண்ணுக்குத் தெரிகிறவரை இப்படியே நடந்தேன்.

வீட்டில் அம்மா வலையைப் பாயில் விரித்து வைத்துக்கொண்டு, கையில் கத்தரிக்கோலுடன் காத்திருந்தாள். மலை வெயில் வாசல் வழியாக அதன் மேல் விழுந்திருந்தது. அப்பா கதவோரம் சாய்ந்து டின் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"வந்துட்டியா? நூலு குடுத்தாரா? கேக்கு நல்லாருந்துச்சாமா?"

"ம்."

"வேற என்ன சொன்னாரு பாயி?"

அம்மா கேட்டாள். கேட்டாள், அதுதான் விஷயம். நான் அப்பாவைப் பார்த்தேன். வலையைப் பார்த்தேன்.

"ஒன்னும் சொல்லல" என்றேன்.

அம்மா வெட்டினாள். நல்ல கூர்மையான கத்தரிக்கோல், துரைசாணியுடையது. சத்தமே வரவில்லை.

அப்பா போவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டில் மட்டும் தீபாவளி. ஆமணக்கெண்ணெய் தேய்த்து மூன்று பேரும் குளித்தோம். மத்தி டின் கேக் பன்னிரண்டு சுட்டாள் அம்மா. அச்சுக்குப் பதிலாக அப்பா தகரத்தை வளைத்துப் பூவும் மீனும் செய்திருந்தார். அதில் மரவள்ளி மாவு பிஸ்கட் வெட்டிச் சுட்டாள். பாதியை அப்பாவின் பயணத்துக்குக் கௌன் துணியில் மூட்டை கட்டினாள். நான் அந்தக் கௌனைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மூன்று அடுக்கு, தோளில் உப்பி நிற்கும் பப்புக் கை, மீதி இரண்டு நாடாவையும் சேர்த்து இடுப்பில் பின்னால் முடிச்சு. லயத்துப் பிள்ளைகள் சாக்கும் ஒட்டுமாக நின்று பார்த்தார்கள். நான் சுற்றிச் சுற்றிக் காட்டினேன்.

அப்பா அதிகம் பேசாதவர். அன்றைக்கு என்னைத் தூக்கி விறகுக் கட்டை மேல் நிறுத்தினார்.

"என் தங்கம் வெள்ளைக்காரப் புள்ள மாதிரில்ல இருக்கு. இதப் பார்த்துட்டுப் போறேன், போதும்" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். கௌனைக் கழற்றிக் கொடுத்திருந்தாலும் பாதி வலை தேறியிருக்கும். முகத்தையாவது மூடியிருக்கும். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசில்லை என்று நான் பிற்பாடு எனக்குச் சொல்லிக்கொண்ட கதை ஒன்று உண்டு. கழற்ற மனசில்லை என்பதுதான் நிஜம்.

மறுநாள் காலையில் லோரி வந்தது. அப்பா அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். கழுத்தில் வெள்ளை நாடா. அம்மா லோரி பின்னால் ஓடி, "குளிருனா நல்லா இறுக்கிக் கட்டிக்கங்க" என்று கத்தினாள். வளைவில் திரும்பும்வரை அந்த நாடா எனக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் போனது. ஆறு மாதம் போனது. தேயிலைச் செடி எல்லாம் வெட்டிக் கவாத்து செய்ய ஆளில்லாமல் மரமாக வளர்ந்து ஆலையை மறைத்தது. கௌன் எனக்குச் சின்னதானது. அம்மா அதை மடித்து, அந்துருண்டை வாசம் போன பெட்டிக்குள் வைத்தாள்.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து எதிர் லயத்து மாமா வந்தார். காலில் ஆறாத புண். பெயரைச் சொன்ன பிறகுதான் அவர் யார் என்று எங்களுக்குத் தெரிந்தது. போனவர்களில் எங்கள் லயத்துக்குத் திரும்பியவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிக்கவே வெகுநேரமானது.

"சொல்லுங்கண்ணே" என்றாள் அம்மா. அவளுக்கு மாமா முகத்தைப் பார்த்தபோதே தெரிந்திருக்கும்.

"காய்ச்சல் தங்கச்சி. கொசுக் காய்ச்சல். போயி நாலாவது மாசம். அந்தக் காட்டுல நெருப்பு மேல நிக்கிற மாதிரி வெக்கை. உன் கோட்டப் பார்த்து எல்லாரும் சிரிச்சானுங்க. விக்கச் சொன்னானுங்க, பர்மாக்காரன் நல்ல வெலை குடுப்பான். குடுக்க மாட்டேன்னுட்டாப்புல. அப்புறம் காய்ச்சல் வந்துச்சு. அந்தக் காய்ச்சல்ல ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடும், குளிரு குளிருன்னு பல்லு அடிச்சுக்கும். அப்ப அந்தக் கோட்டுதான் போத்திக்கிட்டாப்புல. கை நடுங்கும், கட்ட முடியாது. 'மாப்ள, அந்த நாடாவ இறுக்கிக் கட்டிவுடு'ம்பாப்புல. நாந்தான் கட்டிவுடுவேன். கடைசி நாளும் கட்டிவுட்டேன்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுது முடித்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "கோட்டு ஒதவுச்சுல்ல அண்ணே" என்பதுதான். மாமா "ஒதவுச்சும்மா" என்றார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் என்னைத் தேற்றினார்கள். சின்னப் பிள்ளை, அப்பாமேல் எவ்வளவு பாசம் பார் என்றார்கள்.

அந்தக் கோட்டு உதவியது என்ற நினைப்பே ஒரு வருஷம் அம்மாவைத் தாங்கியது. பிறகு துரைசாணி திரும்பி வந்தாள். இளைத்து, முடி நரைத்திருந்தாள். அம்மா பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு பங்களாவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பெட்டியை இறக்கி வைத்ததும் சொன்னபடியே அம்மா காலில் விழுந்தாள். மிச்சமிருந்த துண்டு துணிகளை எடுத்து எடுத்துக் காட்டினாள். துரைசாணி அவளைத் தூக்கி நிறுத்தி, "நோ ஆயா, பரவாலே, பரவாலே" என்று தோளைத் தட்டினாள். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு என் கௌனை எடுத்தாள். விரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள். நல்ல மனசோடு சிரித்த சிரிப்பு அது.

"ஆயா! இது என் கெலாம்பு! கொசு வருமே, அது! நீ பிள்ளைக்குக் கௌன் பண்ணினது? சோ பிரிட்டி!"

அம்மா கூடவே சிரிக்கப் போனாள். வாய் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. "கொசுவுக்கா?" என்று கேட்டாள். துரைசாணி நான்கு மூலையையும் காற்றில் கட்டுவது போல விரலால் காட்டி, அதற்குள் தூங்குவது போலக் கன்னத்தில் கை வைத்துக் காட்டினாள். அம்மா அந்த விரல்களையே பார்த்தாள்.

திரும்பி வரும் வழியில் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். கௌனைத் துரைசாணி எனக்கே கொடுத்துவிட்டாள், அது அம்மாவின் கையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாசலில் உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு அடுக்காக, ஒவ்வொரு தையலாக. பாய் கொடுத்த வெள்ளை நூல் அவள் மடியில் சுருண்டு சுருண்டு விழுந்தது.

"எனக்குத் தெரியலையே" என்றாள். "கைக்குள்ளயே இருந்துச்சே. கோட்டு தச்சேன், கோட்டு. படுபாவி, தெரியாம வெட்டிட்டேனே."

ஒரு வாரம் உட்கார்ந்து அந்தத் துண்டுகளை மறுபடி வலையாகச் சேர்த்தாள். போதாத இடத்தில் மாவுச் சாக்கின் துணியை ஒட்டுப் போட்டாள். இரண்டு மூலைக்குப் பழைய நாடா. மற்ற இரண்டு மூலைக்குக் கயிறு. அதை என் பாய்க்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். கொசுவே இல்லாத மலையில், கல்யாணமாகிக் கீழே போகும்வரை நான் அந்த வலைக்குள்தான் படுத்தேன். லயத்துக்காரர்கள் அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் அவளே வந்து ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் போவாள். பப்புக் கை இருந்த இடத்தில் சுருக்கம் போகவே இல்லை. சரியாக என் முகத்துக்கு மேலே இருக்கும்.

சொல்ல எனக்கு நாள் இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் இருந்தது. அம்மா கோவிலுக்குப் போனால் அதையே சொல்லி அழுவாள். தீபாவளிக்குக் கேக் சுடுவதை விட்டுவிட்டாள். கத்தரிக்கோலைக் கையால் தொட மாட்டாள். அவளுக்குத் தெரியாமல் போனது குற்றமில்லை, எனக்குத் தெரிந்துதான் போனது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் சுமையில் பாதியாவது இறங்கியிருக்கும். அதற்குப் பதிலாக என்னை வெறுத்திருப்பாள். அவள் சுமந்தால் சுமக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். அப்பாவுக்குச் செய்ததையே அம்மாவுக்கும் செய்தேன்.

கடைசியில் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அம்மா படுத்திருந்தாள். பகல் வேளை. சன்னலில் வெள்ளைத் திரை காற்றில் ஆடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கப்பாவப் பார்த்தா நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். "தெரியாமத்தான் வெட்டிட்டேன்னு சொன்னா நம்புவாரா?"

சொல்லுவதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வந்ததில்லை. அதற்கு மேல் வரவும் இல்லை.

"நம்புவாரும்மா" என்றேன். "உனக்குத் தெரியாதுல்ல. யாரு வந்து சொன்னா உனக்கு?"

"ஆமா" என்றாள் அம்மா. "யாரும் சொல்லலையே."